புகார் 2217: வேகம் குறித்து

வியாழன் இரவு ஏழரை, மெக்பர்சன்.
கீழ்த்தளத்தில் சத்தம் என்று புகார்.
மூன்றாம் மாடி, அருளப்பன், வயது எழுபத்தெட்டு.
டெசிபல் மானியோடு போகிறேன்,
நகர மன்றச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை,
இன்னும் சாப்பிடவில்லை.

தூண்களுக்கு நடுவே நாற்பது பெண்கள், நாலு வரிசை.
ஸ்வீ லான் மருத்துவமனைத் துப்புரவு முடித்து
நேரே வந்திருக்கிறார், சீருடை மாற்றாமல்.
ரோஹானியின் முக்காட்டுக்கு மேலே
விளிம்பு மடிந்த தொப்பி.
குணவதி, சல்வாரின் இடுப்பில் இல்லாத பெல்ட்டுக்குள்
இரண்டு பெருவிரலையும் செருகியிருக்கிறார்.
குதிகால், விரல்நுனி, குதிகால், திரும்பு.
கல்மேசையில் சதுரங்கம் ஆடும் இருவர்
தலை நிமிராமலே
காலால் மட்டும் கூடச் சேர்கிறார்கள்.

பெட்டிக்குள் பாடுவது லான்ஸ் மின்ஜூட்.
செத்துப் பத்தொன்பது வருஷம்.

குதிரை ஏறாத கௌபாய்.
அவன் ஏறியதெல்லாம் பதினான்காம் எண் பஸ்.
அவனுடைய புல்வெளி
கடலைத் தூர்த்த மணலில், கட்டடம் வருமுன்னே
மூன்று வருஷம் இடுப்பளவு நின்ற லாலான்.
அதில் நின்றுதான் இசைத்தட்டு உறைக்குப் படம்.
பின்னால் தெரிந்த பளுதூக்கியை
மறைக்கக்கூட இல்லை.
அவன் பாட்டில் காதலி ரயிலேறிப் பிரியமாட்டாள்,
அங் மோ கியோவில் வீடு கிடைத்துப் போவாள்,
ஒன்பதாம் மாடி, காற்றோட்டமான மூலை வீடு.
அந்த ஒரு பாட்டுக்கு
தீவு விரைவுச்சாலை நெரிசலில், லாரிக்குள்,
என் அப்பா மூக்கைச் சிந்தினார்.
தூசி என்றார்.

இன்றும் சில கோப்பிக் கடைகளில்
'ஒரு லான்ஸ்' என்று சொன்னால்
பாலை அடியில் விட்டுக் கலக்காத கோப்பி வரும்.
ஏன் என்று கேட்டால்
போடுகிறவருக்கே தெரியாது.

மானி அறுபத்தெட்டு காட்டியது.
பத்தரைக்கு முன்னால் இது குற்றமில்லை.
அதைச் சொல்லத்தான் மேலே போனேன்.

கம்பிக் கதவைத் திறந்தவருக்குப் பின்னால்
துவைத்து மடித்த கைலிகள் அடுக்கிய மேசை.
அந்த மேசைக்குப் பத்துத் தந்திகள்,
கீழே மிதிகட்டைகள்.

"சத்தமா? சத்தம் போதாதும்மா.
வேகம். வேகம்தான் தப்பு.
காலுக்குத் தோதாக ஓட்டிவிட்டார்கள்.
ஒன்பதாம் மாடி என்று பாடிவிட்டு
லான்ஸ் ஒரு மூச்சு நிற்பான்.
படியேறி வந்தவன் மாதிரி.
அந்த மூச்சுக்குள்ளே நான்
எஃகுத் துண்டை வைத்து ஒரு இழுப்பு இழுப்பேன்.
இப்போது அங்கே இடமே இல்லை.
கூரைக் கசிவை அடைக்கிறீர்கள்,
இதைச் செய்ய முடியாதா?"

இறங்கி வந்து சொன்னேன்.
"மெதுவாகவா? மெதுவாக ஆடினால்தான்
முட்டி வலிக்கும் லா" என்றார் ஸ்வீ லான்.
குணவதி மட்டும் போனைத் துழாவி
பழைய பதிவைத் தேடி எடுத்தார்.

நாற்பது கால்கள் தாளத்துக்கு முன்னே விழுந்தன.
ஒருவர் மேல் ஒருவர் முட்டி, ஒரே சிரிப்பு,
தொப்பி உருண்டு சதுரங்கக் காய்களைத் தட்டியது.
ஒன்பதாம் மாடி வந்தது.
மூச்சு வந்தது.
அதற்குள் கம்பி ஒன்று
அழுவதா கூப்பிடுவதா என்று முடிவெடுக்காமல்
நீண்டுகொண்டே போனது.
யாரோ ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது.
கேட்டாரா, தெரியாது.
அடுத்த பாட்டு, பழைய வேகம்.

படிவத்தில் ஒழுகல் உண்டு, புறா உண்டு,
மின்தூக்கியில் மூத்திரம் உண்டு.
வேகம் என்று கட்டமில்லை.
'மற்றவை'யில் குறித்தேன்.
நிலை: நிலுவையில்.

முனைக் கடையில் ஒரு லான்ஸ் சொன்னேன்.
கலக்காமல் வந்தது.
கரண்டி கேட்டு வாங்கி,
கலக்கிக் குடித்தேன்.