விலகு தூரம்

வேலை இவ்வளவுதான்:
பல்லியை நோக்கி நேராக நடக்க வேண்டும்,
ஒரே வேகத்தில், டார்ச்சைத் தாழ்த்தி.
அது ஓடும் கணத்தில் நின்று
இடைப்பட்ட தரையை நாடாவால் அளக்க வேண்டும்.
விலகு தூரம் என்று அதற்குப் பெயர்.

வாரத்தில் மூன்று இரவு காடு.
ஃபலஜ் அல் முஅல்லா தாண்டி, ஒட்டகக் கம்பிவேலிக்கு அப்பால்
மணலில் வேர்விட்டு நிற்கும் மரங்கள்.
காஃப் என்கிறார் நவால்.
இலை, முள், நெற்று எல்லாம் வன்னிதான்.
பட்டையோடு பட்டையாய் ஒட்டியிருக்கும்.
நான்கு மீட்டர். மூன்று எண்பது. ஐந்து.
என் செருப்பில் ஒரு நெற்று நொறுங்கினால்
அன்றைக்கு அந்த மரம் காலி.

மற்ற மூன்று இரவு
ஷார்ஜா, பதின்மூன்றாம் தொழிற்பேட்டை.
ஏசிப் பெட்டிகள் ஒழுகிக் கறைபட்ட சுவர்,
டியூப்லைட்டைச் சுற்றிப் பூச்சி,
பூச்சியைச் சுற்றிப் பல்லி.
முப்பது சென்டிமீட்டர். பன்னிரண்டு.
ஒன்று, பேனா முனை தொட்டும் அசையவில்லை.
நகரத்தில் பயம் சுருங்குகிறது என்று நவால் எழுதுவார்.
வரைபடத்தில் கோடு அழகாகச் சரியும்.

வால்தான் ஒத்துவரவில்லை.
காட்டில் பத்துக்கு இரண்டு முறிந்தவை,
இங்கே பத்துக்கு ஆறு.
பூனையா, கதவிடுக்கா, ஒன்றையொன்று கடித்ததா?
குறிப்பு: மேலும் பார்க்க வேண்டும்.

பதினோராவது இரவு, மூன்றாம் மாடி.
அட்டையும் பட்டியலுமாய் நடையில் திரும்பினேன்.
கண்ணளவில் இருபது மீட்டருக்கு அப்பால்
ஓர் அறையில் விளக்கு அணைந்தது.
பிறகு அடுத்தது. அதற்கடுத்தது.
கட்டில் முனகியது, யாரோ யாரையோ அதட்டி அடக்கினார்கள்.
ஆறு பேர் அறையில் பன்னிரண்டு பேரை எண்ண வந்த
பலதியாக்காரி என்று நினைத்துவிட்டார்கள்.

"பல்லி எண்ண வந்திருக்கேன்" என்றேன் இருட்டிடம், தமிழில்.
இதைவிட மோசமான பொய்யை
எவரும் கேட்டிருக்க முடியாது.
வெகுநேரம் கழித்து ஒரு சிரிப்பு.
கதவு ஒரு சாண் திறந்தது.

தவசிக்கனி. ஷட்டரிங் தச்சர்.
"எங்க ரூம்லயும் ஒண்ணு கெடக்கு, வாலில்லாதது.
வீட்டுக்குப் போன் பண்ணி
சம்பளம் வந்துட்டுன்னு சொல்லுவேன்.
சரியா அந்நேரம் உச்சுக் கொட்டும்.
பல்லியே சொல்லுதேன்னு அவ நம்பிக்கிடுவா.
நாலு மாசமா அதுதான் எனக்குச் சாட்சி.
அதையும் எழுதிக்கோங்க."

ஏசிக்கு மேலே இருந்தது.
புதுவால் கட்டைவிரல் நகமளவு,
உடம்பின் நிறம் இன்னும் ஏறவில்லை.
நடந்தேன், ஒரே வேகம்.
கட்டில்களுக்கு நடுவே பன்னிரண்டு பேரும்
சுவரோடு சுவராய் ஒண்டி வழிவிட்டார்கள்,
மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு.

நகரம். உள்சுவர். வால் மீள்கிறது. ஏழு சென்டிமீட்டர்.
கடைசிக் கட்டம்: அருகில் இருந்த மனிதர்கள், எண்ணிக்கை.
கோடு போட்டு அடித்தேன்.

படியிறங்கும்போது மேலே
விளக்குகள் ஒவ்வொன்றாய் எரிந்தன.
திரும்பிப் பார்க்கவில்லை.
நாடாவைச் சுருட்டியபடி
கீழ்ப்படிவரை அதே வேகத்தில் நடந்தேன்.