ஒரு புள்ளி

அறுபத்திரண்டு, அறுபத்தொன்று.
கீழ்ப்பாக்கத்து மரத்தரைக்கு மேலே
பலகை அணைந்தபோது
சின்ன எண் எங்களுடையது.

எண்ணுவது என் பிழைப்பு.
திருவொற்றியூர் யார்டில் இரவெல்லாம்
கன்டெய்னர் முதுகைப் படித்துக் குறிக்கிறேன்.
நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
ஒன்று பிசகினால் ஒரு பெட்டி
வேறு தேசத்தில் போய் இறங்கும்.
எனவே ‘ஒன்னே ஒன்னுதானேடா’ என்று
யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

நாலு நொடி மிச்சம். டெல்வினுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.
முதலாவது விழுந்தது.
இரண்டாவது வளையத்தில் ஏறி
சீட்டுத் தேடுகிற பயணி மாதிரி
ஒரு சுற்றுச் சுற்றி
முன்னும் பின்னும் பார்த்துவிட்டு
வெளிப்பக்கமாய் இறங்கிக்கொண்டது.
எறிந்த கையை அவன் இறக்கவேயில்லை.
மணிக்கட்டு மடிந்தபடி
யாருக்கோ வழி காட்டுவதுபோல் நின்றான்.

செரியன் நகரில் எங்கள் கோர்ட் சிமெண்ட்.
இடது மூலையில் பள்ளம்.
எதிராளியை அங்கே ஒதுக்கிவிட்டால்
தட்டிய பந்து அவன் கைக்குத் திரும்பாது,
பாதித் தொடரை அந்தப் பள்ளம்தான் ஆடியது.
வளையத்தில் தொங்குவது
காசிமேட்டில் கிழிந்து கழித்த நீல நைலான்;
பந்து விழுந்தால் மீன் துள்ளுகிற சத்தம்.
அங்கேயோ வெள்ளை வலை.
விழுந்ததா இல்லையா என்று
பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரும்புகையில் ஷேர் ஆட்டோவில் ஆறு பேர்.
டைம் அவுட்டை முன்னாடியே தின்னுட்டார் கோச்சு என்றான் இம்தியாஸ்.
மூணாவது குவார்ட்டர்ல ரெஃப்ரிக்குக் கண்ணு இல்ல என்றான் கஸ்பர்.
விசில் ரெஜினா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை,
கழுத்தில் விசிலைத் திருகிக்கொண்டே வந்தாள்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் போனது.
ஐம்பத்தெட்டுப் பெட்டி.
பழக்கம்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்,
தலையில் ஒரு புள்ளி விழுந்தால்
எழுத்துக்கு உயிர் போய்விடும்,
மெய் மட்டும் நிற்கும்.

டீக்கடையில் கேட்டார்கள்: ‘இன்னா நைனா, மூஞ்சி?’
‘தோத்துட்டோம்.’
‘நீயுமா ஆடுனே?’

ஆடவில்லை.
பன்னிரண்டு வருஷத்தில் என் பங்கு,
லாரிக்கு அடியில் உருண்டுபோன பந்தைக்
குனிந்து எடுத்துக் கொடுத்தது, சில தடவை.
சுற்றிலும் கால்பந்து, குத்துச்சண்டை,
தெருமுனைக்கு ஒரு கேரம் போர்டு.
நடுவில் இந்த ஆட்டத்துக்கு வந்து மாட்டினேன்,
ஏனென்று கேட்டால் பதில் இல்லை.
போன வருஷம் லீக்கிலேயே கழன்றபோது
‘தோத்துட்டானுங்க’ என்றுதான் சொன்னேன்.
இன்றைக்கு வாய் தானாகவே
என்னையும் சேர்த்துக்கொண்டது.

ராத்திரி இரண்டரை.
மணலிப் பக்கம் ஆலைத் தீ வானத்தை நக்கிக்கொண்டிருக்க
கேட்டுக்கு ஒரு ட்ரெய்லர் வந்து நின்றது.
கேபினிலிருந்து சீட்டை நீட்டிய கை
மணிக்கட்டு மடிந்திருந்தது.

எனக்கு அவனைத் தெரியும்,
பந்தைத் தட்டும்முன் மூச்சை எத்தனை முறை இழுப்பான் என்பது வரை.
அவனுக்கு நான் கேட்டுக்காரன்,
எப்போதாவது கோர்ட் ஓரம் நிற்கிற ஒரு சட்டை.

‘மேட்ச்சுக்கு வந்திருந்தியாண்ணே?’

‘இல்லப்பா. டியூட்டி.’

கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையில்
அது காற்றாகத்தான் வந்தது.
டெல்வின் கொஞ்ச நேரம் பார்த்தான்.
டேஷ்போர்டைத் துழாவினான்.
‘நாலாவது லைன்ல நிறுத்து’ என்று
நான் விரலால் காட்டும்போது
சீட்டோடு சேர்த்து
ஒரு விக்ஸ் மிட்டாயைக் கையில் வைத்துவிட்டு
கியரைப் போட்டான்.