பொட்டலம்

பெயரில் மட்டும் வானம்.
பதினெட்டு ராத்தல் எடையோடு
குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நாளாக
உருகிக்கொண்டிருந்தது.

டலூத்தில் நவம்பரின் நான்காம் வியாழன்.
ஏரிக்காற்று கதவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை இங்கே.
ஹால்வரும் ஸோல்வெய்கும் தேவாலயம் போயிருந்தார்கள்.
ஆன்ஸல் வாசற்பனியை வாரிக்கொண்டிருந்தான்.
அடுப்படி முழுதாக என் கைக்கு வந்த
முதல் ஆண்டு.

நான் டூசானில் பிறந்தவள்.
எங்கள் வீட்டில் விருந்தென்றால் தமாலே,
மாசா மாவு, சோளத்தோல், ஆவி.
ஒரு பறவைக்குள் முழங்கை வரை போனதில்லை.
போனேன்.
மணிக்கட்டுக்கு மேலே குளிர்.
விலாவின் உட்புறம் வழுக்கிற்று.
எல்லாவற்றுக்கும் பின்னால்
ஒரு காகிதப் பொட்டலம்:
கழுத்து, ஈரல், இரைப்பை,
கட்டைவிரல் பருமனில் இதயம்.

அதை எடுக்க மறந்துவிடாதே என்று
கடைக்காரர்கூடச் சொல்லியிருந்தார்.
மறக்கவில்லை.
வெங்காயமும் செலரியும் சேர்த்து வேகவைத்தேன்,
பொடியாக நறுக்கினேன்,
வெண்ணெயில் மாவு சிவக்கச் சிவக்க
கைவலிக்கக் கிளறி கிரேவி ஆக்கினேன்.
யாரும் பார்க்கவில்லை. பெருமையாக இருந்தது.

நாலரைக்கு மேசை. ஒன்பது பேர்.
உருளைக்கிழங்கு மசியல், கிரான்பெர்ரி,
துணியில் சுற்றிய லெஃப்ஸா.
டாக்னியின் பையன் புரோடி
நாற்காலியில் முட்டிபோட்டு எட்டிப் பார்த்தான்.

ஹால்வர் கத்தியை எடுக்கவில்லை.
சட்டைக் கையை மடித்தார்.
தபால்பெட்டியில் துழாவுகிறவர் போல
உள்ளே கை விட்டார்.
எல்லா வாய்களும் சிரிக்கத் தயாராக இருந்தன.

அரை எலுமிச்சை வந்தது.
மறுபடி துழாவினார். மறு பாதி வந்தது.
"இல்லையே" என்றார்,
சூட்டில் சிவந்த விரல்களைப் பார்த்தபடி.
புரோடி அழத் தொடங்கினான்.
"இவளிடம் யாருமே சொல்லவில்லையா?" டாக்னி கேட்டாள்.
எல்லாரும் ஆன்ஸலைப் பார்த்தார்கள்.
ஆன்ஸல் உப்புக் குப்பியைப் பார்த்தான்.

அப்புறம் சொன்னார்கள், ஆளுக்கொரு துண்டாக,
ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்கி.
எண்பத்து நான்கில்
ஹால்வர் சமைத்த முதல் வான்கோழி.
ஸோல்வெய்க் மாடியறையை விட்டு
இறங்காமல் கிடந்த இலையுதிர்காலம்.
(ஏனென்று யாரும் சொல்லவில்லை.
படிக்கட்டுச் சுவரில் மூன்று பிள்ளைகளின் படம்.
மேசையில் இரண்டு பேர்.)
பொட்டலத்தோடே வெந்திருந்ததாம் பறவை.
வாசனைக்கு இறங்கி வந்தவர்
அதை இரண்டு விரலால் இழுத்து
விளக்குக்கு நேரே பிடித்து
"யாருக்கு வந்த கடிதம்?" என்றாராம்.
கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.

அன்றிலிருந்து ஆண்டுதோறும்
ஞாபகமாக மறக்கிறார்கள்.

நான் எழுந்து நின்றிருந்தேன், எதற்கென்று தெரியாமல்,
கையில் கிரேவிக் கிண்ணம்.
"எல்லாம் இதில்தான் இருக்கிறது" என்றேன்.
என் குரல் யாரோ வேறொருத்தியுடையது போலிருந்தது.

ஸோல்வெய்க் தட்டை நீட்டினார்.
ஊற்றினேன்.
இன்னும் என்றார். ஊற்றினேன்.
மசியலில் கரண்டியால் குளம் வெட்டி, நிரப்பி,
ஒரு வாய் வைத்தார்.
"இத்தனை வருஷமாக
இதையா பூனைக்குப் போட்டோம்?"
அது ஹால்வருக்கு.
எனக்கு:
"உப்பு கொஞ்சம் கம்மி."

ராத்திரி நான் தேய்க்க, ஆன்ஸல் துடைத்தான்.
எட்டு வருஷப் பழக்கம்,
என் பல்வலி தேதிகள்கூடத் தெரிந்தவன்.
"சொல்ல மறந்துட்டேன்" என்றான்.
"அதுதானே உங்கள் வீட்டு வழக்கம்" என்றேன்.
கொஞ்சம் கோபமாகத்தான்.

ஜன்னல் விளிம்பில்
கவட்டை எலும்பு காய்ந்துகொண்டிருந்தது.
நாளைக்கு அதன் மறுமுனையை
யார் பிடிப்பதென்று
இன்னும் முடிவாகவில்லை.