ஏழாம் படிவம்

அந்தலாஹாவிலிருந்து பதினோரு மணி நேரம்.
பாதி வழி லாரியில், மீதி இடுப்பளவு நீரில்.
பிளாஸ்டிக் பையில் சுற்றித்
தலையில் சுமந்து வந்தேன் இந்தப் படிவங்களை.
மூன்று பிரதி, நடுநடுவே கார்பன் தாள்.
நான் நனையலாம்,
அரசாங்கம் நனையக் கூடாது.

விசிறிவாழை மட்டையில் கட்டியதை
வீடு என்று எழுதலாமா என
பயிற்சி வகுப்பில் ஒருவன் கேட்டான்.
விலை போட முடிந்தால் எழுது என்றார்கள்.
நான்கு நாளில் கட்டிவிடலாம்,
மட்டை காட்டில் சும்மா கிடைக்கிறது,
கயிறும் அப்படியே.
அறுபத்திரண்டு வீடுகளுக்கு நேரே
சிறு கோடு இழுத்தேன்.

தகரம் இருந்தவர்களுக்குக் கணக்கு சுலபம்.
பெத்தோம்புவின் கூரைத் தகரம் பன்னிரண்டும்
ஆற்றைத் தாண்டிப் பறந்து
அக்கரையில் விழுந்தன.
அக்கரைக்காரன் ஆணி பிடுங்கி, தட்டி நிமிர்த்தி,
சனிக்கிழமைச் சந்தையில் விற்றான்.
பெத்தோம்பு கடன் வாங்கிக்கொண்டு போய்
அதையே வாங்கி வந்தான்.
ஓட்டைகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம்.
என் தாளில் அது இழப்பு,
வேறொரு அலுவலகத்தின் தாளில் வணிகம்.
அந்த ஆண்டு நாடு வளர்ந்ததாக அறிவித்தபோது
கட்டுமானத் துறையைத் தனியே பாராட்டினார்கள்.
பெத்தோம்பு ஏணியில் நின்றபடி சொன்னது
எந்தத் தாளிலும் இல்லை:
"நல்ல தகரம் ஐயா. முதல் தடவையும்
நான்தான் பார்த்து வாங்கினேன்."

சுவாஸாரா
சரிந்த வனிலாக் கொடிகளுக்கு நடுவே குந்தியிருந்தாள்.
விடியலில் விரிந்து உச்சிப்பொழுதில் வாடுகிற பூ.
அதற்குள் முள்ளால் விலக்கி விரலால் அழுத்தி
ஒவ்வொன்றுக்கும் மணம் முடித்து வைக்க வேண்டும்.
இரண்டாயிரம் கல்யாணம் இந்த வருடம் என்றாள்,
விருந்து யாருக்கும் இல்லை.

விலை ஏறிவிட்டது என்றேன்,
ஏதாவது நல்லது சொல்ல வேண்டுமே என்று.
புயல் கரையைத் தொடும் முன்பே ஏறிவிட்டதாம்.
கடலுக்கு அப்பால் ஐஸ்கிரீம் செய்கிறவர்களுக்கு
நம் காற்றின் வேகம்
நமக்கு முன்பே தெரிகிறது.

அவள் நிமிரவில்லை.
"நான் பூவிலேயே விற்றுவிட்டேன்."

டிசம்பர். அரிசிப் பானையில் சுரண்டல் சத்தம்
கேட்கத் தொடங்கும் மாதம்.
தோத்தோஸாஃபி மோட்டார் சைக்கிளில் வந்தான்.
இறங்காமலே பூக்களைக் கண்ணால் எண்ணினான்,
ஒன்றரை மூட்டை இறக்கினான்.
காய் அவனுக்கு,
காவல் அவளுக்கு.
இப்போது காய் சேற்றில்.
ஆனால் கடன் ரூபத்தில் காய் இன்னும் இருக்கிறது,
நாற்பது கிலோ, பச்சை,
இன்றைய விலைக்கு எங்காவது வாங்கியாவது
அவள் கொடுத்தாக வேண்டும்.

பன்னிரண்டாம் கேள்வி:
அழிந்த பயிர் தங்களுக்குச் சொந்தமானதா?
இல்லை என்றாள்.
'இல்லை' எனில் இருபதுக்குச் செல்லவும்
என்று அச்சிட்டிருந்தது.
சென்றேன்.

இருபது, கையொப்பம்.
என் மைப்பெட்டி ஆற்றோடு போயிருந்தது.
பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை.
இடுப்பு முடிச்சிலிருந்து
ஒரு தக்கையை எடுத்தாள்.
அதில் பதித்த ஊசிகள்: ஆறு புள்ளி, ஒரு வளைவு.
திருட்டுக்குப் பயந்து
பச்சைக் காயில் ஒவ்வொன்றாகக் குத்தும் அடையாளம்.
காய் கறுத்தாலும் சுருங்கினாலும் கப்பல் ஏறினாலும்
தழும்பு மறையாது.
என் மடியிலிருந்த படிவத்தின் மேல் வைத்து
உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி.
தாளெல்லாம் தாண்டித்
தொடையில் சுருக்கென்றது.

தலைநகரில் மேலதிகாரி
தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
பூச்சி அரித்திருக்கிறதே,
வேறு பிரதி இல்லையா என்றார்.

மூன்றிலும் அரித்திருக்கிறது என்றேன்.