மூன்றாம் எண் மூடி

நரின் நகரம். மைனஸ் இருபது.
"பேட்டரிதான்" என்றார் ஓமுர்பெக்.
சாவியைத் திருப்பினால்
பழைய ஆடி இறுக்கமே இல்லாமல் சுற்றுகிறது,
சுமை இறக்கிய கழுதை மாதிரி.

முன்னால் பெல்ட் ஓடுகிறது.
பின்னால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து
"இன்னொரு தரம்" என்றாள் புருல்.
ரோட்டர் அசையவில்லை.
முன்முனை சுற்ற, பின்முனை சும்மா இருந்தால்
நடுவில் என்ன?

மேல்மூடியைக் கழற்றினாள்.
கேம்ஷாஃப்ட் இரண்டு துண்டு.
முறிந்த முகம் சர்க்கரையாய் மினுங்கியது.

பக்கத்துத் தாங்கியின் மூடி, எண் மூன்று,
தலைகீழாய்ப் பூட்டியிருந்தது.
அதன்மேல் பச்சைப் பெயின்ட்டில் ஒரு புள்ளி.
போன மாதம்.
இந்த ஊரில் பச்சைப் புள்ளி வைப்பது
ஒருத்திதான்.

"பிஷ்கெக்கில் பழைய தண்டு கிடைக்கும்" என்றாள்.
"எவ்வளவு ஆகும்?"

கந்தையில் விரல்களை
ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.
சுண்டுவிரல் வரும்வரை
நேரம் இருந்தது.