நாலு லீட்டர்

புதன்கிழமை, ஏழரை மணி.
ஓஷவாவில், றூபவதி அக்கா வீட்டு பேஸ்மென்ற்.
வாசலில் பதினொரு சோடிச் சப்பாத்து,
வீதி உப்பும் உருகின பனியும்
மட்டையில் ஊறிக் கிடக்கின்றன.
என்னுடையது பன்னிரண்டாவது.
கழற்றவில்லை.
திரும்பிப் போக நினைக்கிறவளுக்குக்
காலில் சப்பாத்து இருக்கவேணும்.

"வாங்கோ வாங்கோ" என்று ஒருவரும் எழும்பவில்லை.
தேவதாசன் அண்ணன் மட்டும்
தன் கதிரையை அரை அடி தள்ளினார்.
அந்த அரை அடிக்குள்
போய் இருந்தேன்.

ஆறு கிழமையாக எத்தனை பேர் வந்தார்கள்.
ஆண்டவர் தோட்டத்தின் நல்ல பூவைத்தான் பறிப்பாராம்.
காலம் ஆற்றுமாம்.
நான் பலசாலியாம்.
அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டிகள்
ஃபிரிட்ஜில் பெயரோடு நிற்கின்றன,
எதை யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல்.

இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஹீற்றர் ஒருதரம் இருமிவிட்டுப் பற்றிக்கொண்டது.
ஜெபம் வட்டமாய் நகர்ந்தது.
ஸ்ரெலா தன் அகதி வழக்குக்காக அழுதாள்,
நடுவில் வக்கீலின் பெயரை மறந்து
"ஆண்டவரே, உமக்குத் தெரியும்" என்று தாண்டிப் போனாள்.
தேவதாசன் அண்ணன்
இரவு வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் வந்தவர்,
"பிதாவே" என்று தொடங்கி
அப்படியே உறங்கிப்போனார்.
ஒருவரும் எழுப்பவில்லை. கொஞ்சம் பொறுத்து
அவருடைய மூச்சுக்கும் ஆமென் சொன்னார்கள்.
யாரோ என் கணவரின் பெயரையும் சொன்னார்கள்,
இங்கே வராதவர்,
கராஜுக்குள் மகனின் ஹொக்கி மட்டைகளை
ஒவ்வொரு நாளும் வேறொரு ஒழுங்கில் அடுக்குகிறவர்.

பிறகு என் முறை.
பக்கத்துக் கையை அழுத்தி
அடுத்தவரிடம் விட்டிருக்கலாம்.
வாய் தானாகத் திறந்தது.

"பால் முடிஞ்சுபோச்சு என்று சொன்னது நான்.
நாளைக்கு வாங்கலாம் அம்மா என்றான் எபி.
இப்பவே போ என்றேன்.
சிம்கோ வீதியில் ஐஸ் கிடக்கும் என்று
எனக்குத் தெரியும் ஆண்டவரே, எனக்குத் தெரியும்.
நாலு லீட்டர்.
அதையும் பொலிஸ் கொண்டுவந்து தந்தது.
மூன்று பைகள்.
ஒன்றுகூட உடையவில்லை."

ஆமென் வரவில்லை.
நான் சொல்லவில்லை. அவர்களும் சொல்லவில்லை.
உன் பிழை இல்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை.
நேசமலர், டயாலிசிஸ் வார்டில் வேலை செய்கிறவள்,
என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
நாடி பார்ப்பது போல.
பிடித்தபடியே இருந்தாள்.

சின்ன வயதில் எல்லோருக்கும் பாடமான
அந்த ஜெபத்தை ஒரு பொடியன் தொடங்கினான்.
அன்றன்றைய அப்பம் கேட்கிற வரியில்
பதினொரு குரலும் ஒன்றாய்த் தடுக்கி விழுந்தன.
ஒரு நொடி
ஹீற்றர் மட்டும் எரிந்தது.
பிறகு மெதுவாக, எழும்பி நடக்கிறவர்களைப் போல,
அந்த வரியை முடித்தார்கள்.
என்னால் முடியவில்லை.
எனக்கும் சேர்த்து முடித்தார்கள்.

றூபவதி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தா.
பன்னிரண்டு கோப்பையும் பிளேன்ரீ.
இந்த வீட்டில் எப்போதும் பால் தேத்தண்ணிதான்,
குழந்தைகளுக்குக்கூட.
எல்லோரும் குனிந்து, இஞ்சி நல்லாயிருக்கு என்றார்கள்.

"அக்கா, பால் இருந்தால் கொஞ்சம் தாங்கோ."

அவ என்னைப் பார்த்தா.
பிறகு போய், மூலை வெட்டின பையை
அந்த நீல ஜக்கோடு கொண்டுவந்து
மேசையில் வைத்துவிட்டுத்
தள்ளி நின்றா.
நானேதான் விட்டேன். கை ஆடியது,
சாசருக்குள் கொஞ்சம் ஊற்றுப்பட்டது.
குடித்தேன்.
பாலின் ருசிதான். வேறு ஒன்றுமில்லை.

ஆண்டவர் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.
நான் கேட்பதையும் நிறுத்தவில்லை.

எழும்பும்போதுதான் கண்டேன்:
கழற்றாத என் சப்பாத்துக்குக் கீழே
கார்பெற் நனையாமல்
யாரோ ஒரு பழைய துவாய் விரித்திருந்தார்கள்.
எப்போது என்று தெரியாது.
கண் மூடியிருந்த நேரமாய் இருக்கும்.

அடுத்த புதன் கழற்றுவேன் என்று நினைக்கிறேன்.