கடைவாய்ப் பல்

மத்திய வீதிக் கடையில்
தராசு ஏழரைப் பவுண் என்றது.
"காப்பா பிள்ளை, சங்கிலியா?"
கண்ணைப் பாராமல் கேட்டார் பத்தர்.

பல்லு, என்றேன்.

பதினொரு வருஷம் நித்திரையில்
நறநறவென்று கடித்துக் கடித்து
வெடித்துப்போன கடைவாய்ப் பல்லுக்கு
ஒரு தொப்பி.
மிச்சம் ஸ்கூட்டிக்கு.

அவர் சிரிக்கவில்லை.
ஊதுகுழலை எடுத்தார்.
தாலியில் இருந்த பிள்ளையார் முதலில் இளகினார்.
கொக்கி மட்டும்
கடைசிவரை அடம்பிடித்தது.

தனித் தங்கம் மெது,
வேறேதும் கலக்கவேணும் என்றா
பல் டொக்டர் ஜெஸீமா.
வாயைத் திறந்தபடி தலையாட்டினேன்.

பொருத்திய பின்னேரம்
டச்சுபே மணலில் கச்சான் வாங்கினேன்.
சரையோடு பிடுங்க ஒரு மான் வந்தது;
அதற்கும் பங்கு.

பிறகு வலப்பக்கத்தால் கடித்தேன்.
நொறுங்கியது கச்சான்தான்.

எத்தனை காலம்
இடப்பக்கத்தால் மட்டும் தின்றிருக்கிறேன்.